ஒருவழி டிக்கெட்டில் கப்பலைப் பிடிக்கலாம், தெரியுமா?

சிலாபத்துக்கு வடக்கே ஒரு மீன் வாடி. பின்னேரம் மீன் நிறுத்து முடித்து, தராசைக் கழுவி, ஈரம் காய்ந்ததும் அதே கொக்கியில் ஒரு நீல நிற சூட்கேஸைத் தூக்கி மாட்டினார்கள். முள் ஆடி ஆடி 38-இல் நின்றது. "மகன், இன்னும் ரெண்டு கிலோவுக்கு இடம் இருக்கு. சீனிச்சம்பல் போத்தலையும் வெச்சுக்கொண்டு போங்க" என்றார் தாய். விடிந்தால் அந்தப் பையன் கட்டுநாயக்கவில் விமானம் ஏற வேண்டும். பார்சலோனாத் துறைமுகத்தில் ஓர் உல்லாசக் கப்பலின் சமையலறையில் அவனுக்கு வேலை. டிக்கெட்டை வாங்கிப் பார்த்தேன். போகும் நாள் இருந்தது. திரும்பும் நாள் இல்லவே இல்லை!

அன்றிரவு வீட்டுக்கு வந்து, அதே விமானத்தில் அதே கிழமையில் எனக்கு ஒரு ஒருவழி டிக்கெட் என்ன விலை என்று தேடினேன். நம்ப மாட்டீர்கள்: போய் வரும் டிக்கெட்டை விட, போவதற்கு மட்டுமான டிக்கெட் விலை கூட! திரும்பி வராததற்கு மேலதிகக் காசா? கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தேன். அதே விலைதான். அந்த இரவில் தொடங்கிய தேடல் இது. தேடத் தேட, கப்பலைத் தேடிப் போகும் ஒருவழிப் பயணத்தில் நம் புத்தளக் கரைக்கு எத்தனை பழைய உறவு என்று கண்டு அசந்து போனேன்.

முதலில் அந்த விலைப் புதிரை அவிழ்த்துவிடுவோம். பஸ்ஸில் ஒருவழி என்றால் பாதிக் காசு. ரயிலிலும் அப்படித்தான். ஆகாயத்தில் அந்தக் கணக்கு செல்லாது என்பது தெரியுமா? பழைய பெரிய விமான நிறுவனங்கள் மலிவு விலையை நிபந்தனை வைத்துத்தான் விற்றன: முன்கூட்டியே வாங்க வேண்டும், திரும்பி வர வேண்டும், போன இடத்தில் இத்தனை இரவு தங்க வேண்டும், இடையில் ஒரு சனிக்கிழமை இரவு வர வேண்டும். 1977-இல் அமெரிக்கன் எயார்லைன்ஸ் 'சூப்பர் சேவர்' என்று கொண்டுவந்த மலிவு டிக்கெட்டே இப்படிப்பட்ட நிபந்தனைகளோடுதான் வந்தது. ஏன் சனிக்கிழமை? வியாபார விஷயமாகப் போகிறவர் வெள்ளிக்கிழமையே வீடு திரும்பப் பார்ப்பார். அவர் டிக்கெட்டுக்குக் காசு கட்டுவது கம்பனி. சுற்றுலாப் பயணி ஆறுதலாகத் தங்கி வருவார். கட்டுவது சொந்தக் காசு. இருவரையும் பிரித்தறிய நிறுவனங்கள் கண்டுபிடித்த சல்லடைதான் அந்தச் சனிக்கிழமை இரவு! ஒருவழி கேட்பவர் இந்தச் சல்லடையில் எந்தப் பக்கமும் விழுவதில்லை. அதனால் நிபந்தனையில்லாத, விலை கூடிய டிக்கெட் அவர் தலையில் விழுகிறது.

இந்தக் கட்டை உடைத்தவர்கள் மலிவு விலை விமான நிறுவனங்கள். அவர்களுக்குப் போவது ஒரு வியாபாரம், வருவது இன்னொரு வியாபாரம். ஒவ்வொரு வழியையும் தனித்தனியாக விலை போட்டு விற்கிறார்கள். கட்டுநாயக்கவிலிருந்தே எயார் ஏசியா கோலாலம்பூருக்கும், எயார் அரேபியா ஷார்ஜாவுக்கும், பிளை துபாய் துபாய்க்கும், இண்டிகோ சென்னைக்கும் பறந்திருக்கின்றன. நம் நாட்டுத் தனியார் நிறுவனமான பிட்ஸ் எயாரும் 2022-இல் வெளிநாட்டுப் பயணங்களைத் தொடங்கியது. கப்பல் பயணிக்கு இவர்கள்தான் முதல் கதவு. ஒரே ஒரு எச்சரிக்கை: சூட்கேஸ், சாப்பாடு, இருக்கை எல்லாவற்றுக்கும் தனிக் காசு. கப்பலுக்குப் போகிறவர் கைப்பையோடு போவதில்லை. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்த பிறகுதான் எது மலிவு என்று தெரியும்.

சரி, போய் வரும் டிக்கெட்டே மலிவென்றால் அதை வாங்கிக்கொண்டு திரும்பும் பாதியை விட்டுவிடலாமே? நானும் அப்படித்தான் நினைத்தேன். பெரும்பாலான நிறுவனங்களின் ஒப்பந்த விதிகள் இதை அனுமதிப்பதில்லை. அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. கப்பலில் போய் விமானத்தில் திரும்பி வருகிறவர் சிலர், "வரும் பாதி மட்டும் எனக்குப் போதும்" என்று போய் வரும் டிக்கெட்டாக வாங்கி, முன்பாதியை விட்டுவிடுகிறார்கள். முன்பாதிக்கு நீங்கள் விமான நிலையத்தில் தோன்றாவிட்டால் பின்பாதி தானாகவே ரத்தாகிவிடும்! சிங்கப்பூரில் கப்பலை விட்டு இறங்கி, பெட்டியைத் தள்ளிக்கொண்டு விமான நிலையத்துக்குப் போனால், கணினியில் உங்கள் பெயரே இருக்காது. இதை மட்டும் யாருக்காவது சொல்லி வையுங்கள்.

இப்போது அந்தப் பையனின் 40 கிலோவுக்கு வருகிறேன். கப்பல் ஊழியர்களுக்கென்றே விமான நிறுவனங்கள் தனி விலை வைத்திருக்கின்றன, தெரியுமா? 'மரைன் ஃபெயார்' என்பார்கள். நாம் இணையத்தில் எவ்வளவு தேடினாலும் அது கண்ணில் படாது. கப்பல் ஊழியரை அனுப்பும் முகவர்களும் அதற்கென்றே இருக்கும் பயண நிறுவனங்களும்தான் அதைப் போட முடியும். ஒருவழிக்கே நியாயமான விலை. நாளை மாற்றலாம், பெரும்பாலும் காசைத் திருப்பியும் வாங்கலாம். பெட்டி எடையும் கூட; விமான நிறுவனத்தைப் பொறுத்து 40 கிலோ வரைகூடக் கொடுக்கிறார்கள். ஏன் இத்தனை சலுகை? கப்பல் வருவது காற்றையும் கடலையும் துறைமுக நெரிசலையும் பொறுத்தது. வெள்ளிக்கிழமை பார்சலோனா என்பது சனிக்கிழமை மார்சேய் ஆகலாம். அதற்கேற்ப வளையக்கூடிய டிக்கெட் வேண்டும். ஆறு, எட்டு, ஒன்பது மாத ஒப்பந்தத்துக்குப் போகிறவருக்குத் திரும்பும் நாளை இன்றைக்கே எழுத யாரால் முடியும்? எழுதினாலும் எந்தத் துறைமுகத்திலிருந்து என்று எழுதுவது?

வெறும் ஒருவழி டிக்கெட்டைக் காட்டி இன்னொரு நாட்டுக்குள் நுழைய விடுவார்களா என்ற சந்தேகம் வரும். விடுவார்கள், கையில் கடதாசி சரியாக இருந்தால்! அன்று வாடியில் பையனின் பிளாஸ்டிக் உறையைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கடவுச்சீட்டு, வீசா. கப்பலோட்டியின் பதிவுப் புத்தகமான சீ.டி.சி.; அதை நம் நாட்டில் வழங்குவது வணிகக் கப்பற்றுறைச் செயலகம். கடற் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ்கள். மருத்துவச் சான்றிதழ். வேலை ஒப்பந்தம். கடைசியாக, துறைமுக முகவர் எழுதிய ஒரு பக்கக் கடிதம்: இன்னார், இன்ன விமானத்தில் வருகிறார், இன்ன கப்பலில் ஏறப் போகிறார், ஏறும் வரை அவருக்கு நாங்கள் பொறுப்பு. அந்த ஒரு பக்கம்தான் அவனுடைய திரும்பும் டிக்கெட்! மழை பெய்தால் நனையும் என்று தாய் அதை மட்டும் இன்னொரு பொலித்தீன் பைக்குள் சுற்றி வைத்திருந்தார்.

இதற்குப் பின்னால் ஒரு பெரிய சட்டம் நிற்கிறது. 2006-இன் கடல்சார் தொழிலாளர் சமவாயம், 2013 ஆகஸ்ட் 20 முதல் உலக அளவில் நடைமுறைக்கு வந்தது. இலங்கை 2017-இல் இதில் இணைந்தது. கப்பல் ஊழியரை வேலை முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பி வைப்பது கப்பல் சொந்தக்காரரின் கடமை, அவருடைய செலவு என்று அந்தச் சமவாயம் சொல்கிறது. 12 மாதம் ஆவதற்குள் அனுப்ப வேண்டும். கப்பல் கம்பனி கைவிட்டுவிட்டால்கூட ஊழியர் வீடு திரும்புவதற்கான பண உத்தரவாதம் இருக்க வேண்டும் என்ற திருத்தமும் 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆக, அந்தப் பையனின் டிக்கெட்டில் திரும்பும் பாதி அச்சாகாவிட்டாலும் சட்டத்தில் அச்சாகியிருக்கிறது!

இன்னொன்றையும் உரக்கச் சொல்ல வேண்டும். கப்பல் வேலை பெற்றுத் தருவதற்கு ஊழியரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது அதே சமவாயம். மருத்துவச் சான்றிதழ், கடவுச்சீட்டு, கப்பலோட்டிப் புத்தகம் ஆகியவற்றின் செலவு மட்டும்தான் ஊழியருடையது. வீசாச் செலவுகூடக் கப்பல் சொந்தக்காரருடையது. "டிக்கெட்டுக்கு இவ்வளவு, இடத்துக்கு இவ்வளவு" என்று லட்சக்கணக்கில் கேட்டவரை நம்பி, படகையும் நகையையும் விற்றுக் கொடுத்து, டிக்கெட்டே வராமல் வீட்டில் உட்கார்ந்த பிள்ளைகளை எங்கள் கரையில் பார்த்திருக்கிறேன். வயிறு எரிகிறது. காசு கேட்டால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டு பின்னால் போவோமா? விமானத்தில் கிளம்பிக் கப்பலில் ஏறும் வித்தையைப் புத்தளம் 80 வருடங்களுக்கு முன்பே செய்து காட்டியது, தெரியுமா? இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படை இங்கே ஒரு விமானத் தளம் வைத்திருந்தது. தரையில் இருக்கும் தளத்துக்கும் கப்பல் பெயர் வைப்பது அவர்கள் வழக்கம். புத்தளம் தளத்துக்கு வைத்த பெயர் எச்.எம்.எஸ். ராஜாலியா! சிங்களத்தில் கழுகு, நம் தமிழில் அதே ராஜாளி. கோர்சேர் என்ற போர் விமானங்கள் இங்கே நின்றன. சிறகை மடித்துக்கொள்ளும் விமானங்கள் அவை. கப்பலின் ஒடுக்கமான அறைக்குள் நிறுத்துவதற்காகவே அப்படிச் செய்யப்பட்டவை. மழை பெய்து தரை சேறானால் சக்கரம் புதையும். இழுக்க டிராக்டர் போதாது. என்ன செய்தார்கள் தெரியுமா? யானையைக் கட்டி இழுத்தார்கள்! கழுத்தில் சங்கிலியோடு ஒரு யானை, பின்னால் மடித்த சிறகோடு ஒரு கோர்சேர்: 1944 வாக்கில் எடுத்த அந்தப் படங்கள் இன்றும் இருக்கின்றன. யானை இழுத்துக் கொண்டுவந்து ஓடுபாதையில் விட, அங்கிருந்து எழும்பிய விமானங்கள் கடலில் நின்ற விமானம் தாங்கிக் கப்பல்களில் போய் இறங்கின. நீங்களும் நானும் தேடும் ஒருவழி இணைப்பு இதுதானே!

நாம் விமானம் ஏறும் கட்டுநாயக்க நிலையமும் அதே போர்க்காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படைத் தளமாகப் பிறந்ததுதான். அது கம்பஹா மாவட்டம் என்றாலும், புத்தளக் கரைக்காரருக்கு அதைவிட வசதியான விமான நிலையம் உண்டா? பேலியகொடையிலிருந்து புத்தளம் வரை ஓடும் ஏ3 வீதி அதன் பக்கத்தால்தான் போகிறது. புத்தளம் ரயில் பாதையும் கட்டுநாயக்கவைத் தொட்டுக்கொண்டுதான் வருகிறது.

இன்னும் 600 வருடம் பின்னால் வாருங்கள். 1344. மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா மாலைத்தீவிலிருந்து கப்பலேறுகிறார். போக நினைத்த இடம் சோழமண்டலக் கரை. மூன்று நாள் பயணம் என்று சொன்னார்கள். காற்று திசை மாறியது. ஒன்பதாவது நாள் தூரத்தில் புகைத்தூண் போல ஒரு மலை தெரிந்தது. பாவா ஆதம் மலை! கப்பல் கரை தொட்ட இடம் எது தெரியுமா? நம் புத்தளம்! அப்போது இங்கே ஆரியச் சக்கரவர்த்தியின் ஆட்சி. மன்னருக்குப் பாரசீக மொழி தெரிந்திருந்தது என்று எழுதுகிறார் இப்னு பதூதா. முத்துக் குவியலைக் காட்டி மன்னர் பேசியதையும், கரை நெடுகக் கறுவா மரத்தடிகள் கிடந்ததையும், மலையாளக் கரையாரும் சோழமண்டலக் கரையாரும் அதை ஏற்றிப் போனதையும் பார்த்து எழுதியிருக்கிறார்.

இதில் என்னை உருக வைத்த இடம் ஒன்று இருக்கிறது. இப்னு பதூதாவுக்கு மலை ஏற ஆசை. ஆனால் கப்பல் விட்டுவிட்டுப் போய்விடுமே என்று கவலை. கப்பல் தலைவனிடம் சொன்னார். ஒரு வருடம் ஆனாலும் நீங்கள் திரும்பி வராமல் நான் பாய் விரிக்க மாட்டேன் என்றான் அவன். மன்னரோ, அதுவரை கப்பற்காரர்கள் என் செலவில் தங்கட்டும் என்று சொல்லிவிட்டார்! பல்லக்குக் கொடுத்து, யோகிகளையும் பிராமணர்களையும் வழித்துணையாக அனுப்பி, சாமான் தூக்க 15 ஆட்களையும் சேர்த்துவிட்டார். மலை ஏறிக் கும்பிட்டுத் திரும்பி வந்து பார்த்தால், கப்பல் சொன்னபடியே புத்தளத்தில் நிற்கிறது.

இன்றைய கப்பல்? பத்து நிமிடம்கூட நிற்காது! கிளம்பும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே பயணிகள் பதிவு பெரும்பாலும் மூடிவிடும். சில துறைமுகங்களில் அதற்கும் முன்பே. உங்கள் விமானம் தாமதமானது கப்பலுக்குத் தெரியாது. அதனால் சொல்கிறேன்: கப்பல் கிளம்பும் நாளில் போய் இறங்கும் விமானத்தை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். ஒரு நாள் முந்திப் போங்கள். அந்த ஒரு இரவு விடுதிக் காசு, தவறிப்போன கப்பலின் விலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

தவறினால் அடுத்த துறைமுகத்தில் பிடிக்கலாமே என்பீர்கள். அமெரிக்காவில் அதற்கும் ஒரு தடை இருக்கிறது, அதுவும் 1886-ஆம் ஆண்டுச் சட்டம்! வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல், ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றிய பயணியை இன்னோர் அமெரிக்கத் துறைமுகத்தில் அப்படியே இறக்கிவிட முடியாது. சியாட்டிலில் ஏறி அலாஸ்காவில் இறங்கிவிட முடியாததும், கனடாவின் வான்கூவரில் ஏறினால் அதே அலாஸ்காவில் இறங்க முடிவதும் இதனால்தான்.

அடுத்த அதிசயத்துக்கு நம் மீனவர்களே சாட்சி. சோழகக் காற்று எழும்பி மேற்குக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில், நம் கரையின் மீனவர்கள் வலையையும் வள்ளத்தையும் கொண்டு முல்லைத்தீவுப் பக்கம், திருகோணமலைப் பக்கம் போய் வாடி போடுவார்கள். வாடைக் காலம் வந்ததும் திரும்புவார்கள். உல்லாசக் கப்பல்கள் செய்வதும் அச்சொட்டாக அதே வேலை, தெரியுமா? கோடையில் மத்தியதரைக் கடல். ஐரோப்பாவில் குளிர் தொடங்க, ஒக்டோபர் நவம்பரில் கரிபியனுக்கும் வளைகுடாவுக்கும் ஆசியாவுக்கும் இடம்பெயர்ந்து, மார்ச் ஏப்ரலில் திரும்பிப் போகும். கொழும்புக்கு உல்லாசக் கப்பல்கள் அதிகம் வருவது நவம்பர் முதல் ஏப்ரல் வரை. கற்பிட்டியில் ஓங்கில் பார்க்கும் பருவமும் அதேதான். மேற்குக் கடல் அமைதியாகக் கிடக்கும் காலம்!

இப்படி வாடி மாற்றும் பயணங்களில்தான் மலிவு ஒளிந்திருக்கிறது. கப்பல் எப்படியும் அந்தப் பக்கம் போயாக வேண்டும். வெறும் அறைகளோடு போவதை விட, விலையைக் குறைத்து ஆளை ஏற்றிக்கொள்வார்கள். இரண்டு மூன்று கிழமை நீளும்; நாள்கணக்கில் கரையே தெரியாது. ஓர் இரவுக்கு விலை போட்டுப் பார்த்தால் வழக்கமான பயணங்களை விட அநேகமாகக் குறைவு. ஆனால் ஏறும் ஊர் ஒன்று, இறங்கும் ஊர் இன்னொன்று. அங்கேதான் ஒருவழி விமானம் தேவைப்படுகிறது. பலர் கப்பல் மலிவைப் பார்த்து மயங்கி முதலில் அதை வாங்கிவிட்டு, பிறகு விமான விலையைப் பார்த்துத் தலையில் கை வைக்கிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள்! கொழும்பிலிருந்து மலிவு விமானம் நேரே போகும் ஊர்களை முதலில் எழுதிக்கொண்டு, அந்த ஊர்களில் ஏறும் கப்பலைத் தேடுங்கள். செங்கடல் வழியாகப் போகும் பயணங்களை மட்டும் கூடுதல் கவனத்தோடு பாருங்கள். 2023 கடைசியில் அங்கே கப்பல்கள் மீது தாக்குதல் தொடங்கிய பிறகு பல நிறுவனங்கள் அந்தப் பயணங்களை ரத்துச் செய்தன, அல்லது ஆபிரிக்காவைச் சுற்றிப் போயின.

எழுதிக்கொள்ளும் பட்டியலில் என் முதல் ஊர் சிங்கப்பூர். நான்கு மணி நேரப் பயணம். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு முன்வீசா வேண்டாம்! போவதற்கு மூன்று நாளுக்குள் ஒன்லைனில் வருகை அட்டையை நிரப்ப வேண்டும், அது இலவசம். மரீனா பேயிலும் ஹார்பர்ஃப்ரண்டிலும் இரண்டு கப்பல் முனையங்கள் இருக்கின்றன. இரண்டில் எது உங்கள் கப்பலுடையது என்று டிக்கெட்டில் பார்த்துவிட்டே டாக்ஸி ஏறுங்கள். கோலாலம்பூருக்கு மலிவு கிடைத்தால் அங்கிருந்து சிங்கப்பூருக்கு பஸ்ஸிலேயே போய்விடலாம், ஐந்தாறு மணி நேரம். மலேசியாவுக்குள் நுழையும் அனுமதியை மட்டும் முன்கூட்டிப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒருவழி டிக்கெட்டோடு போனால் கட்டுநாயக்கவிலேயே "திரும்பும் டிக்கெட் எங்கே?" என்று கேட்பார்கள். கேட்பவர் சொந்தமாகக் கேட்பதில்லை. அவர் முன்னால் இருக்கும் திரையில் டிமாட்டிக் என்று ஒரு தொகுப்பு ஓடுகிறது. எந்த நாட்டுக்கு எந்தக் கடவுச்சீட்டோடு போக என்னென்ன வேண்டும் என்று 1963-இலிருந்து விமான நிறுவனங்களுக்குச் சொல்லிக் கொடுப்பது அதுதான். தகுதியில்லாத ஆளை ஏற்றிப் போனால் அபராதமும் திருப்பி அனுப்பும் செலவும் விமான நிறுவனத்தின் தலையில். அதனால்தான் அத்தனை கண்டிப்பு. கப்பல் முன்பதிவுக் கடிதத்தை அச்சிட்டுக் கையில் வைத்திருங்கள். உங்கள் பெயர், ஏறும் நாள், இறங்கும் துறைமுகம், அங்கிருந்து வீடு திரும்பும் விமானம், இத்தனையும் ஒரே கோவையில். கைபேசியில் இருக்கிறது என்று நம்பாதீர்கள். வரிசையில் நிற்கும்போதுதான் சார்ஜ் இறங்கும்.

ஐரோப்பா என்றால் இன்னொரு நுணுக்கம், இதைத் தெரியாமல் போய் மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. பார்சலோனாவில் ஏறிய கப்பல் நடுவில் துருக்கிக்கோ துனீசியாவுக்கோ போய்விட்டு இத்தாலிக்கு வந்தால், நீங்கள் ஷெங்கன் எல்லையை விட்டு வெளியே போய் மறுபடி நுழைகிறீர்கள் என்று கணக்கு! ஒருமுறை மட்டும் நுழையும் வீசா அங்கே செல்லாது. பலமுறை நுழையும் வீசா கேட்டு வாங்க வேண்டும். இறங்காமல் கப்பலிலேயே இருந்துவிடுகிறேன் என்றாலும் சில நாடுகளுக்கு வீசா இல்லாமல் கப்பலிலேயே ஏற்ற மாட்டார்கள்.

இத்தாலி என்றதும் வென்னப்புவ, மாரவிலக்காரர்கள் சிரிப்பார்கள். 'குட்டி இத்தாலி' என்றே பெயர் வாங்கிய ஊர் வென்னப்புவ. அங்கே உறவுக்காரர் இத்தாலியில் இல்லாத வீடு அரிது. அவர்களுக்கு ஒரு செய்தி: "ரோம்" என்று விளம்பரம் செய்யும் கப்பல்கள் ரோமில் நிற்பதே இல்லை, தெரியுமா? ரோமில் ஏது கடல்! அவை நிற்கும் துறைமுகம் சிவிடாவேக்கியா, ரோமிலிருந்து 70 கிலோமீட்டருக்கு மேல். லண்டன் என்று சொல்லும் கப்பல் பெரும்பாலும் சவுத்ஹம்டனில் நிற்கும். விமானம் இறங்கும் நேரத்தைப் பார்த்தால் மட்டும் போதாது. சித்தி வீடோ மாமா வீடோ ரோமில் இருந்தால் ஒரு நாள் முந்திப் போய்த் தங்கி, காலை ரயிலில் துறைமுகம் போகலாம். ஊரே அங்கே இருக்கும்போது விடுதிக்கு ஏன் காசு?

இரண்டு மலிவு டிக்கெட்டைத் தனித்தனியாக வாங்கி நடுவில் ஒட்டுகிறவர்கள் கவனிக்க: முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. பெட்டியையும் நீங்களே எடுத்து, குடிவரவைத் தாண்டி, மறுபடி ஒப்படைக்க வேண்டும். நடுவில் அரை நாளாவது விடுங்கள். பெரிய நிறுவனம்தான் வேண்டுமென்றால், தேடும் இடத்தில் 'ஒருவழி' என்பதை விட்டுவிட்டுப் 'பல நகரங்கள்' என்பதை அழுத்திப் பாருங்கள். போவது சிங்கப்பூருக்கு, திரும்புவது துபாயிலிருந்து என்று போட்டால், இரண்டையும் சேர்த்துப் போய் வரும் விலைக் கணக்கில் போடுவார்கள். தனித்தனி ஒருவழி விலைகளை விடப் பல நேரம் எவ்வளவோ குறைவு. பறந்து சேர்த்த மைல் புள்ளிகள் இருந்தால் இன்னும் நல்லது: பெரும்பாலான திட்டங்களில் ஒருவழிக்குச் சரிபாதிப் புள்ளிதான்.

விமானமே வேண்டாம் என்பவர்களுக்கும் வழி இருந்திருக்கிறது. 1914-இலிருந்து சென்னையில் ரயிலேறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயிலேறிக் கொழும்பு வந்தார்கள்; ஒரே டிக்கெட்! 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைத் தின்றது. இப்போது நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் நடுவே 2023 ஒக்டோபரில் பயணிகள் கப்பல் திரும்பி வந்தது. நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கியது. சுமார் நான்கு மணி நேரப் பயணம். 2023 ஜூனில் சென்னையிலிருந்து எம்.வி. எம்ப்ரஸ் என்ற உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று நம் தீவைச் சுற்றி வந்தது. அத்தனை பெரிய கப்பல் வடக்குக் கரையில் நின்றதைப் பார்க்கச் சனம் திரண்டது.

கப்பல் யாருக்காகவும் நிற்காது என்று சொன்னேன். ஒரு தடவை நின்றது! 2020 ஏப்ரல். உலகமே பூட்டிக் கிடந்த நேரம். உலகைச் சுற்றி வந்த எம்.எஸ்.சி. மக்னிஃபிகா என்ற கப்பல், இறங்க இடமின்றி ஐரோப்பாவுக்குத் திரும்பும் வழியில் இலங்கையை நெருங்கியது. அதில் ஒரே ஓர் இலங்கையர், சமையல்காரர். விமானங்கள் ஓடவில்லை, இத்தாலிக்குப் போனால் அங்கிருந்து வீடு வர வழியில்லை. என் நாட்டுக் கரையைக் கடந்து போகும்போது என்னை இறக்கிவிடுங்கள் என்று கைபேசியில் பதிவு செய்து வேண்டினார். ஏப்ரல் 6-ஆம் திகதி கொழும்புக்கு வெளியே கப்பல் நிற்க, நம் கடற்படையினர் பாதுகாப்பு உடை அணிந்து படகில் போய் அவரை இறக்கிக் கொண்டுவந்தார்கள். சிகிச்சை தேவைப்பட்ட ஜெர்மன் பயணி ஒருவரும் அதே நாளில் கரைக்கு வந்தார். அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை.

வாடித் தராசில் பெட்டி நிறுத்த பையன் எட்டரை மாதம் கழித்து வந்தான். ஏறியது பார்சலோனாவில்; வாடி மாறிய கப்பலோடு சேர்ந்து வந்து இறங்கியது சிங்கப்பூரில். டிக்கெட்டை மறக்காமல் எனக்குக் காட்டினான். சிங்கப்பூர், கொழும்பு, ஒருவழி, கப்பல் கம்பனியின் செலவு. கட்டுநாயக்கவில் இறங்கி, ஏ3-இல் புத்தளம் பஸ்ஸை மறித்து ஏறி, விடிகாலையில் சிலாபம் வந்து சேர்ந்திருக்கிறான். நீல சூட்கேஸின் ஒரு சக்கரம் போயிருந்தது. சீனிச்சம்பல் போத்தல் கழுவித் துடைத்து, மூடி இறுக்கித் திரும்பி வந்திருந்தது. "அடுத்த ஜொயினிங் எங்கயாம்?" என்று கேட்டேன். "இன்னும் சொல்லல்ல, டிக்கெட் வந்தாத்தான் தெரியும்" என்றான். தாய் அதற்குள் வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிட்டார்.